காய்ச்சிய தண்ணீர்

குழந்தையின் கால் நகங்களில் நீலம் படர்ந்திருப்பதை முதலில் பார்த்தபோது, அது மூடுபனியின் வேலை என்றுதான் எஸ்தெல் நினைத்தாள். பிப்ரவரியில், பார்சலோனாவுக்கு வடக்கே இந்த விக் சமவெளியில் பனி இறங்கினால் மதியம்வரை எழுந்திருக்காது. சன்னலுக்கு வெளியே பன்றிக் கொட்டகைகளின் நீண்ட கூரைகளும் தீவனக் கோபுரங்களும் சாம்பலில் முக்கியெடுத்தவைபோல நிற்கும். வீட்டுக்குள் விழுகிற வெளிச்சத்துக்கும் அதே நிறம். அந்த வெளிச்சத்தில் யாருடைய நகம்தான் சிவப்பாகத் தெரியும்? தன் கையைக் குழந்தையின் பாதத்தருகே வைத்துப் பார்த்தாள். அவளுடைய நகங்கள் எப்போதும்போலத்தான் இருந்தன.

காலுறை மாட்டிவிட்டாள். குளிராக இருக்கும். கணப்பில் இன்னும் இரண்டு கட்டைகளைச் செருகினாள். சன்னல்களை எல்லாம் அடைத்து, இடுக்குகளில் ஈரத்துண்டு திணித்திருந்தாள். காலையிலிருந்து கணவன் ஃபெர்ரான் மேட்டு வயலில் பன்றிக் கழிவை இறைத்துக்கொண்டிருந்தான். மக்காச்சோளம் விதைப்பதற்கு முன்னால் கொட்டகைக்கு அடியிலுள்ள குழியைக் காலிசெய்தாக வேண்டும். பனிக்குள் அந்த நாற்றத்துக்கு மேலே போக வழி கிடைக்காது. தரையோடு தவழ்ந்து வந்து, கதவுக்கு அடியில் நுழைந்து, துவைத்து மடித்த குழந்தைத் துணிவரைக்கும் ஏறிவிடும். இரண்டு வருடத்தில் அவளுக்கு அது பழகியிருந்தது. பழகிவிட்டதே என்று நினைத்தால்தான் சில நாட்களில் பயமாக இருக்கும்.

பயம் என்று சொன்னால் அந்த வீட்டில் எல்லோரும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். புருனா பிறந்த இந்த ஏழு மாதத்தில் அவள் பயப்படாத பொருள் கிடையாது. தூங்குகிற குழந்தையின் மூக்கருகே கண்ணாடி பிடித்து மூச்சு படிகிறதா என்று பார்த்திருக்கிறாள். தும்மலுக்கெல்லாம் டாக்டருக்குப் போன் போட்டிருக்கிறாள். தாய்ப்பால் நாலாம் மாதத்தோடு வற்றிப்போய்ப் புட்டிப்பாலுக்கு மாறியதிலிருந்து தண்ணீரும் பயமாகிவிட்டது. அந்த வீட்டுக்கு நகராட்சிக் குழாய் கிடையாது; கிணற்றிலிருந்து மோட்டார்தான். பால் பவுடர் கலக்க அவள் தண்ணீர் காய்ச்சும் விதத்தைப் பார்த்து மாமனார் இசித்ரே விழுந்து விழுந்து சிரிப்பார். கொதி வந்த பிறகும் அடுப்பை அணைக்கமாட்டாள். பாத்திரத்தில் பாதி வற்றும்வரை விடுவாள்.

“ஏம்மா, தண்ணியக் காய்ச்சுறியா கொல்லுறியா? எங்க பாட்டன் காலத்துலேருந்து இதப் பச்சையாக் குடிக்கிறோம். பட்டணத்துக் குழாய்ல மருந்துத் தண்ணி குடிச்ச வயித்துக்கு நல்ல தண்ணி ஒத்துக்காதுதான்!”

அவள் பதில் பேசமாட்டாள். தீயைக் கொஞ்சம் கூட்டிவைப்பாள்.

பதில் பேசாமலிருக்க அவள் அந்த வீட்டுக்கு வந்த முதல் நாளிலேயே கற்றுக்கொண்டாள். எஸ்தெல் பத்தொன்பது வயதில் இறைச்சியை விட்டவள். பார்சலோனாவில் படிக்கும்போது கோடை விடுமுறையில் துறைமுக அலுவலகம் ஒன்றில் வேலைக்குப் போனாள். கப்பலிலிருந்து மலைமலையாக இறங்குகிற சோயாவைப் பார்த்து, இவ்வளவையும் யார் சாப்பிடுவார்கள் என்று கேட்டாள். பன்றிகள் என்றார்கள். எங்கே விளைகிறது என்றும் கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய், அந்தச் சோயாவுக்காகக் கடல் தாண்டி எரிந்துகொண்டிருந்த காடுகளின் படங்கள் தலைக்குள் நுழைந்துவிட்டன. அதன்பிறகு கறி தொண்டையில் இறங்கவில்லை. யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. ஒரு சிநேகிதியின் கல்யாணத்தில் ஃபெர்ரானைப் பார்த்தபோது, “ஊர்ல கொஞ்சம் பிராணிங்க வெச்சிருக்கோம்” என்றுதான் அவன் சொன்னான். இரண்டு ஆடு, ஒரு குதிரை என்று கற்பனை செய்துகொண்டாள். கொட்டகைக் கதவைத் திறந்து இரண்டாயிரம் பன்றிகளை அவன் காட்டியபோது, காதல் எல்லை மீறிப் போயிருந்தது.

அன்றைய விருந்தில் இசித்ரே அவள் தட்டைப் பார்த்துவிட்டு, “கறி திங்கமாட்டியா? பரவாயில்ல, இது கறி இல்ல, ஹாம்” என்று உப்பில் உலர்த்திய பன்றித்தொடையிலிருந்து மெல்லிசாகச் சீவிய துண்டுகளைத் தள்ளினார். அவள் சிரித்துச் சமாளித்தாள். அவரும் சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் விடவும் மாட்டார். “உன் சோயாப் பாலும் என் பன்னித் தீவனமும் ஒரே கப்பல்லதான் வருது. அடுத்தடுத்த மூட்டை!” அந்தக் கப்பலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். சாப்பாட்டு மேசையில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று ரொட்டியில் தக்காளியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் ரெமேய் இந்தப் பேச்சுகளில் கலந்துகொண்டதே இல்லை. ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் கோழிக்கூண்டுக்குப் பின்னால் தனியாகப் பாத்தி கட்டி, வெள்ளைத் தண்டுக் கீரை விதைத்தார். அந்தக் கீரையின் பெயரைச் சொல்லித்தான் அங்கே அசட்டுப் பெண்களைக் கேலி செய்வார்கள். அதை வைத்தும் இசித்ரே ஒரு வாரம் சிரித்தார். ரெமேய் கண்டுகொள்ளவில்லை. முதல் கீரைக்கட்டை அறுத்துக்கொண்டு, எஸ்தெலும் ஃபெர்ரானும் இருந்த மாடிக்கு வந்து, “இந்த வீட்டுல நீ திங்கறதுக்குன்னு ஒண்ணுமே இல்லையேன்னு இருந்துச்சு” என்று சொல்லி வைத்துவிட்டு, நிற்காமல் இறங்கிப் போனார். குழந்தை திட உணவு சாப்பிட ஆரம்பித்ததும் எஸ்தெல் அந்தக் கீரையைத்தான் உருளைக்கிழங்கோடு வேகவைத்து மசித்தாள். கடை டப்பாவில் என்ன கலக்கிறார்களோ, இது நம் கண்ணெதிரில் வளர்ந்தது.

அன்று மதியமும் அதைத்தான் கொடுத்தாள். முந்தாநாள் செய்து குளிர்பெட்டியில் வைத்திருந்தது. புருனா எப்போதும் ஆசையாக வாய் திறப்பவள், நாலு கரண்டிக்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாலைக் கொஞ்சம் குடித்தாள். தோளில் போட்டுத் தட்டும்போது குழந்தை வழக்கத்தைவிடக் கனமாக இருப்பதுபோலத் தோன்றியது. உறங்குகிற குழந்தைக்கு வருகிற கனம் அது. ஆனால் கண் திறந்திருந்தது. எஸ்தெல் சன்னலருகே கொண்டுபோய் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். உதடுகள் திராட்சைத் தோலின் நிறத்தில் இருந்தன.

இது வெளிச்சம் என்று நினைத்துக்கொள்ள இன்னொரு முறை முயன்றாள். கீழே ஓடிப்போய்க் கேட்டால் இசித்ரே சிரிப்பாரே என்றுகூட அந்த நேரத்தில் ஒரு நினைப்பு வந்தது. ரெமேய் இஸ்திரி போட்ட துணிகளோடு மேலே வந்தார்.

“என்ன, குளிரா இருக்காளா?” என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்தவர், குழந்தையின் உதட்டைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். ஏதோ சாயம் ஒட்டியிருப்பதுபோல, இரண்டு தடவை. துணிகள் கட்டிலில் சரிந்தன.

“கார் சாவி எங்க?”

ஃபெர்ரானின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. டிராக்டர் சத்தத்தில் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது? ரெமேய் ஓட்டினார், எஸ்தெல் பின்னால் குழந்தையை மடியில் வைத்து அதன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மேட்டு வயலைத் தாண்டும்போது அவன் தெரிந்தான். பனிக்குள் டேங்கர் வண்டி மெதுவாக நகர, அதன் பின்னால் பழுப்பு நிறக் குழம்பு விசிறிபோல விரிந்து விழுந்துகொண்டிருந்தது. ரெமேய் ஹாரனை அழுத்திப் பிடித்தார். ஃபெர்ரான் திரும்பிப் பார்த்தான். அம்மாவும் பெண்டாட்டியும் கடைக்குப் போகிறார்கள் என்று நினைத்திருப்பான். கையை உயரத் தூக்கிச் சந்தோஷமாக ஆட்டினான்.

மருத்துவமனையில் குழந்தையின் முகத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள். திரையில் ஒரு எண் இருந்தது. அது ஏற வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். எஸ்தெல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறவில்லை. காற்றைக் கூட்டினார்கள். அப்போதும் ஏறவில்லை. ஒல்லியான, வழுக்கை விழ ஆரம்பித்த டாக்டர் ஒருவர் வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதி தெரியவில்லை. ரத்தம் எடுத்தார்கள். ஊசிக்குழாயில் ஏறிய ரத்தத்தைப் பார்த்து நர்ஸின் கை ஒரு கணம் நின்றது. அது சிவப்பாக இல்லை. குளிர்காலத்தில் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிற கெட்டிச் சாக்லேட்டின் நிறம். டாக்டர் ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் விட்டு, காற்றில் ஆட்டிப் பார்த்தார். நிறம் மாறவே இல்லை.

“வீட்டுல என்ன தண்ணிம்மா? குழாயா, கிணறா?”

“கிணறு. ஆனா காய்ச்சித்தான் குடுக்கிறேன் டாக்டர். நல்லாக் காய்ச்சி. பாதியா வத்துற வரைக்கும்.”

அவர் ரத்தம் பட்ட துணியை மடித்துத் தட்டில் வைத்தார். சொல்லலாமா என்று யோசிப்பவர்போல இருந்தது.

“காய்ச்சினா கிருமி சாகும். இது கிருமி இல்லம்மா, நைட்ரேட். வயல்ல கொட்டுற கழிவுலேருந்து மண்ணு வழியா இறங்கறது. குழந்தை ரத்தத்தை மூச்சுக்காத்து ஏந்த விடாது. தண்ணிதான் வத்தும், அது வத்தாது. பாதித் தண்ணியில அவ்வளவும் அப்படியே நிக்கும்.”

எஸ்தெலுக்கு அந்தப் பாத்திரம்தான் கண்முன் வந்தது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு புட்டிக்கும், அடுப்பருகே நின்று நின்று.

“சாப்பாடு?”

“கீரை மசியல்.” தண்டு வெள்ளையாக இருக்கும் கீரை என்று பெயரைச் சொன்னாள்.

“இன்னைக்குச் செஞ்சதா?”

“முந்தாநாள்.”

டாக்டர் கண்களை ஒருமுறை மூடித் திறந்தார். “அதுலயும் இதே சரக்கு உண்டு. ஒரு வயசுக்கு முன்னால அது வேணாம்னுதான் சொல்றோம். எடுத்து வெச்சுக் குடுத்தா இன்னும் மோசம். எது எவ்வளவு காரணம்னு இப்பச் சொல்ல முடியாது. ரெண்டுமா இருக்கலாம். தண்ணிய ஒரு பாட்டில்ல கொண்டு வரச் சொல்லுங்க, பார்ப்போம். இப்ப மருந்து ஏத்துறேன். பயப்படாதீங்க.”

பயப்படாதே என்று அவளிடம் இதுவரை எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். சொல்லும்போது யாருடைய குரலும் இப்படி இறங்கியிருந்ததில்லை. சுவரோரம் நின்றிருந்த ரெமேய், கீரை என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தார்.

மருந்தும் நீலமாகத்தான் இருந்தது. மைப்புட்டியிலிருந்து எடுத்ததுபோல அப்பட்டமான நீலம். அது மெல்லிய குழாய் வழியாகக் குழந்தையின் கைக்குள் போவதை எஸ்தெல் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலமாகிப்போன குழந்தைக்கு நீலத்தையே ஏற்றுகிறார்களே, இவர்கள் தெரிந்துதான் செய்கிறார்களா என்று கத்த வேண்டும்போல இருந்தது. திரையிலிருந்த எண்ணைப் பார்க்கப் பயந்து குழந்தையின் காதையே பார்த்தாள். மெழுகுபோல வெளுத்திருந்த காதுமடலின் விளிம்பில், மெதுவாக, ரொம்ப மெதுவாக, ஒரு சிவப்புக் கோடு வந்தது. அது உண்மைதானா என்று தீர்மானிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. நர்ஸ்தான் சொன்னாள்: “ஏறுது பாருங்க.”

ஃபெர்ரானும் இசித்ரேயும் வந்தபோது சாயங்காலமாகியிருந்தது. வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார்கள். வராண்டா நெடுக ரப்பர் பூட்ஸ் தடம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மூக்கைப் பொத்தாமலிருக்க முயன்று, முடியாமல் எழுந்து தள்ளிப் போனாள். ஃபெர்ரான் கண்ணாடிக்குள் குழந்தையைப் பார்த்துவிட்டு நெற்றியை அதில் முட்டிக்கொண்டு நின்றான். டாக்டர் சொன்னதை எஸ்தெல் சொல்லி முடிப்பதற்குள் இசித்ரே குறுக்கிட்டார்.

“கீரையா? அதானே பார்த்தேன்! பச்சைக் குழந்தைக்குப் புல்லும் பூண்டுமாக் குடுத்தா? ரெண்டு கறித்துண்டு போட்டு சூப்பு வெச்சுக் குடுன்னு எத்தனை வாட்டி சொன்னேன்? உன் கொள்கைய நீ வெச்சுக்க. குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு?”

“கிணறு, இசித்ரே.” அவள் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. “உங்க கிணறு.”

“அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் இவன் வளந்தான். இந்தா நிக்கிறான் பாரு, நீலமாவா இருக்கான்?”

“அப்ப எத்தனை பன்னி இருந்துச்சு?”

இசித்ரே வாயைத் திறந்தார். ஆனால் பதில் ஃபெர்ரானிடமிருந்து வந்தது, கண்ணாடியை விட்டுத் திரும்பாமலே.

“கொஞ்சம்தாம்ப்பா இருந்துச்சு. இருபது தாய்ப்பன்னி இருக்கும். அவ்வளவுதான்.”

“ஆமா, இருபது!” பெரியவரின் கோபம் சட்டென்று மகன்மேல் திரும்பியது. “அத ரெண்டாயிரமாக்கினது யாரு, நானா? கறிக் கம்பெனிக்காரன் சூட்டுப் போட்டுக்கிட்டு வந்தப்பக் கையெழுத்துப் போட்டது யாரு? எனக்கு வயசாச்சு, ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னது யாரு? இப்ப எங்க பாட்டன் வெட்டின கிணத்த விஷம்னு சொல்றா, நீயும் மண்டைய ஆட்டிக்கிட்டு நிக்கிற!”

“கத்தாதீங்க” என்றாள் போகிற வழியில் ஒரு நர்ஸ்.

அப்போது ரெமேய் பேசினார். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, மடியிலிருந்த தன் கைகளிடம் சொல்வதுபோலப் பேசினார்.

“கீரையும் அந்தத் தண்ணியிலதான் வளந்துச்சு. நல்லாக் கொழுகொழுன்னு வரட்டும்னு, கழிவுக் குழியிலேருந்து பக்கெட்ல மொண்டு நான்தான் ஊத்தினேன். ஒவ்வொரு வாரமும்.”

எஸ்தெல் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை புருனா பசியில் வீறிட்டு அழுதாள். அத்தனை அழகான அழுகையை எஸ்தெல் கேட்டதில்லை. கடைப் பாட்டில் தண்ணீரில் கலந்த பாலை ஒரே மூச்சில் குடித்தாள். துணியை மாற்றும்போது சிறுநீர் பச்சையும் நீலமுமாக இறங்கியிருந்தது. மருந்து வெளியேறுகிறது, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எஸ்தெல் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் போய்த் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தண்ணீர் கொண்டுவர ஃபெர்ரான் போயிருந்தான். அரை மணி நேரப் பாதை. முற்பகல் முழுக்க ஆகியும் வரவில்லை. அவள் மனம் தன் பழைய வேலையை ஆரம்பித்தது. அப்பா தடுத்திருப்பாரா? கம்பெனிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்களா? பெட்ரோல் பங்கில் நிறுத்தி அங்கிருக்கிற குழாயில் பிடித்துக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியும்? அவன் வந்தான். சின்னக் கண்ணாடி பாட்டிலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான். அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துச் சொல்ல அதில் என்ன இருக்கிறது?

“எங்க பிடிச்சே?”

“கிணத்துலதான்.”

“நம்ம கிணத்துலயா?”

அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்று புரிந்துகொண்டவன்போலத் தலையை மட்டும் அசைத்துவிட்டு, பாட்டிலை வாங்கிக்கொண்டு போய் நர்ஸிடம் கொடுத்தான்.

அதற்கடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் முடிவைச் சொன்னார். சட்டம் அனுமதிக்கிற அளவைப்போல மூன்று மடங்குக்கும் மேலே. அவன் உண்மையான தண்ணீரைத்தான் கொண்டுவந்திருக்கிறான். எஸ்தெலுக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்கூட நிம்மதியாக மாறவில்லை.

“கீரைய நிறுத்துங்க, தண்ணிய மாத்துங்க” என்றார் டாக்டர். “பெரியவங்க உடம்புல இவ்வளவு சீக்கிரம் ஒண்ணும் தெரியாது. அதுக்காக நல்லதுன்னு அர்த்தமில்ல. உங்க சுத்துவட்டாரத்துல நீங்க மட்டும்னு நினைக்காதீங்க.”

கார் நிறுத்தத்தில் குழந்தையை இருக்கையில் கட்டிவிட்டு இருவரும் வெளியே நின்றார்கள்.

“நான் பார்சலோனாவுக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்” என்றாள்.

“தண்ணி வாங்கிக்கலாம் எஸ்தெல். லாரியில வரவழைக்கலாம். கிணத்துப் பக்கமே போக வேணாம்.”

“அப்புறம் நீ வயல்ல இறைச்சுக்கிட்டே இருப்பே.”

“குழி நிறைஞ்சு நிக்குது. அடுத்த வாரம் புதுக் குட்டிங்க வருது. நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது, சொல்லு?” அவன் கார்க் கதவில் உள்ளங்கையை ஊன்றினான். “குட்டி கம்பெனியோடது. தீவனம் கம்பெனியோடது. கறியும் அவனோடது. சாணி மட்டும்தான் நம்மளோடது. அத நான் என்ன பண்ணட்டும்?”

பத்தொன்பது வயதில் தட்டைத் தள்ளிவைத்தபோது, இந்த விஷயத்தில் தன் பங்கு முடிந்துவிட்டதாக அவள் நினைத்திருந்தாள். யாரோ எங்கேயோ எரிக்கிற காடு, யாரோ தின்கிற கறி. தன் கை சுத்தம். அந்தச் சுத்தமான கையால்தான் தினமும் தண்ணீரை வற்றவைத்திருக்கிறாள். ஃபெர்ரானின் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு கழுவினாலும் போகாத அந்த வாடை அதில் இருந்தது. அவள் விடவில்லை.

“திரும்பி வருவியா?” என்று கேட்டான்.

“தெரியல.”

துணிமணிகளை எடுத்துக்கொள்ள வீட்டுக்குப் போனார்கள். கோழிக்கூண்டுக்குப் பின்னால் பாத்தி இருந்த இடத்தில் வெறும் மண் புரண்டு கிடந்தது. பிடுங்கிய கீரை வேரும் மண்ணுமாக வரப்பில் குவிந்திருந்தது. ரெமேய் முற்றத்தில் நின்று நகக்கண்ணிலிருந்த மண்ணைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தார். எஸ்தெலைப் பார்த்ததும் குழந்தைக்காகக் கைநீட்டப் போனவர், பாதியில் கையை இறக்கிக்கொண்டார். எஸ்தெல் குழந்தையை அவர் மார்பில் வைத்தாள்.

“உங்க மேல தப்பு ஒண்ணுமில்ல ரெமேய்.”

“இருக்குதும்மா” என்றார் அவர், குழந்தையின் தலையை முகர்ந்தபடி. “எல்லார் மேலயும்தான் இருக்குது. போறதுக்கு முன்னால ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ.”

பைகளைக் காரில் ஏற்றிவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எஸ்தெல் சாப்பாட்டு அறை வாசலுக்கு வந்தபோது இசித்ரேயும் ஃபெர்ரானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். சுட்ட மிளகாயோடு வேகவைத்த பீன்ஸ், அவளுக்காக. மேசை நடுவில், கடையிலிருந்து அப்போதுதான் வந்த தண்ணீர் பாட்டில்கள், மேலே சுற்றிய பிளாஸ்டிக் பாதி கிழிந்தபடி. இரண்டு நாளாக இசித்ரே ஷேவ் செய்துகொள்ளவில்லை. வெள்ளைத் தாடி முளைத்த அந்த முகம் வேறு யாருடையதோபோல இருந்தது. அவர் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, கண்ணாடிக் கூஜாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தூரத்தில் கிணற்று மோட்டார் உறுமி எழுந்தது.

வந்து உட்கார்ந்து தன் டம்ளரில் ஊற்றினார். ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் புறங்கையால் வாயைத் துடைத்தார். பிறகு கூஜாவை மேசைக்குக் குறுக்கே நீட்டி ஃபெர்ரானின் டம்ளரை நிரப்பினார். கொஞ்சம் விரிப்பில் சிந்தியது.

“குடி” என்றார்.

அதட்டலாகத்தான் ஆரம்பித்தார். அந்த ஒற்றைச் சொல் முடிவதற்குள் அது வேறெதுவாகவோ ஆகிவிட்டது. எஸ்தெல் அவர் கண்களைப் பார்த்தாள். இந்த வீட்டில் தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று அவள் நினைத்திருந்த பயம் அங்கே, அந்தச் சுருக்கங்களுக்கு நடுவில், அப்படியே இருந்தது.

“விடு, இசித்ரே” என்றார் ரெமேய், அடுப்படியிலிருந்து.

ஃபெர்ரான் டம்ளரைச் சுற்றிக் கையை வைத்தான். எடுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. அப்பாவைப் பார்த்தான். வாசலில் நின்ற அவளையும் குழந்தையையும் பார்த்தான். பிறகு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். விளிம்புவரை நிறைந்திருந்த தண்ணீர் அவன் விரல்களுக்கிடையில் துளி கலங்கலில்லாமல் இருந்தது. அதற்கு அடியில் மேசைவிரிப்பின் பூத்தையல், ஒவ்வொரு நூலும், பெரிதாக, தெளிவாகத் தெரிந்தது.